நிழல் வரைபடம்

பதினேழாம் இலக்க வேலியில்
மஞ்சள் பலகை ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.
எட்டு மாடி. நாற்பத்தாறு வீடு.
நிலத்துக்குக் கீழே அறுபது கார்.
கருத்துச் சொல்லப் பதினான்கு நாள்.
நான் வாசித்தபோது ஒன்பது நாள் போய்விட்டது.

துங்காபி ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெரு
ஐந்நூற்று இருபது மீற்றராம்.
மழையில் ஓடி நான் அளந்தது வேறு கணக்கு.

வரைபடத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயரில்லை, பத்தொன்பது மட்டும்.
ஜூன் இருபத்தொன்று, காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று
என்று மூன்று பெட்டிகள்.
மூன்றாவதில் ஒரு சாம்பல் நிறம்
உடுப்புக் கொடியைத் தாண்டி
குசினி யன்னலுக்குள் வந்து நிற்கிறது,
சொல்லாமல் வந்த சம்பந்தி மாதிரி.

எல்லைக் கதியாலை இரவோடிரவாக
ஒரு முழம் தள்ளி நடுகிற சனத்தில் பிறந்தவள் நான்.
வழக்கென்றால் பயமில்லை.
ஆனால் வெயிலை எந்தப் பக்கம் தள்ளி நடுவது?

வெள்ளி பின்னேரம் மிரெல்லாவின் கராஜில் கூடினோம்.
பதினொரு பேர், ஒன்பது கதிரை.
ஹேமல் கார் நிறுத்துவதைப் பற்றியே கதைத்தார்.
மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று மிரெல்லா கேட்டாள்.
மூலையில் நின்ற ஒருவர்
"வாடகைக்கு வருகிற அந்த மாதிரி ஆட்கள்" என்றார்.
எந்த மாதிரி என்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.
பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது.
நீ நன்றாக எழுதுவாய் என்று பேனையைத் தந்தார்கள்.
முதல் வரி எழுதினேன்:
தெருவின் இயல்பு கெடும்.

யன்னலின் உயரத்தை நிரூபிக்க
கவுன்சிலில் எங்கள் வீட்டுக் கோப்பை எடுத்தேன்.
இரண்டாயிரத்து நான்கு. நாங்கள் மேல்மாடி கட்டிய வருடம்.
வரைபடங்களுக்கு நடுவே ஒரு கடிதம், நீல மை, சாய்ந்த எழுத்து:
தெருவின் இயல்பு கெடும்.
எத்தனை பேர் வந்து இருப்பார்களோ தெரியாது.
காலை ஒன்பது மணிக்கு என் ரோஜாக்களில் நிழல் விழும்.
கிளெனிஸ் ரூர்க், இலக்கம் பதினேழு.

கிளெனிஸ்.
பதினாறு வருடம் எங்கள் மாற்றுத் திறப்பை வைத்திருந்தவள்.
குப்பைத் தொட்டியை மறந்த நாளெல்லாம்
சத்தமில்லாமல் உருட்டி வைத்தவள்.
கடிதத்தின் மூலையில் கவுன்சில் முத்திரை:
நிழல் ஏற்கத்தக்கது.

அடுத்த வருடம் ரோஜாக்களைக் கிண்டி
வீட்டுக்கு முன்னால் நட்டாள்.
"முன்னுக்கு நின்றால்தானே நாலு பேர் பார்ப்பார்கள்" என்றாள்.
நான் நம்பினேன்.
மண் சுமக்கக் கைகொடுத்தேன் வேறு.

கவுண்டர்ப் பிள்ளை
"போட்டோப் பிரதி வேண்டுமா?" என்றது.
எத்தனை பக்கம் என்று கேட்பதற்குள்
எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு.
எழுதிய முதல் வரியை நான் வாசிக்கவில்லை.
யன்னலைச் சொன்னேன்.
மேல் மாடிகளைப் பின்னுக்குத் தள்ளுங்கள் என்றேன்.
வருகிறவர்கள் உடுப்புக் காயப்போட எங்கே இடம் என்று கேட்டேன்.
முன்னால் நிற்கிற ரோஜாக்களுக்கு
ஒன்பது மணி வெயில் யார் பொறுப்பு என்று தொடங்கும்போது
சிவப்பு விழுந்தது.
நன்றி, அடுத்தவர்.
மிரெல்லா என்னைப் பார்க்காமல் கைப்பையை மூடினாள்.
அன்றைக்கு நான் ரயிலில்தான் வீடு வந்தேன்.

தீர்ப்பு செப்டெம்பரில் வந்தது.
ஏழு மாடி.

மகனின் ஸ்கேலை எடுத்து,
புதிய வரைபடத்தைப் பழையதன் மேல் வைத்து,
குசினி மேசையில் கணக்குப் பார்த்தேன்.
ஒரு மாடி குறைந்ததில் எங்களுக்கு மிச்சம்
குளிர்காலத்தில், நாளொன்றுக்கு,
பதினொரு நிமிடம்.

அதில் ஒரு துவாய்கூடக் காயாது.
ரோஜாவைப் பற்றி
தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை.
கம்பி கட்டிய பலகைக்குப் பின்னால்
அது பாட்டுக்குப் பூத்திருக்கிறது.